கொப்புளத்தை உடைக்காதீர்கள், மோதிரம் டப்பாவிலேயே இருக்கட்டும்

கேள்வி:

டாக்டர், இதையெல்லாம் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இருபது வருடமாகச் சமைக்கிறவள் நான். நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு பொரிக்க எண்ணெயைக் காய வைத்தேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பி வந்தால் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அவசரத்தில், கழுவிய ஈரத்தோடு கிழங்கை ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டேன். சடசடவென்று தெறித்து இடது புறங்கையில் பட்டது. வாணலியும் தீப்பிடித்துக்கொண்டது. என் கணவர் ஜக்கில் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் கத்தித் தடுத்துவிட்டு, பெரிய தட்டைப் போட்டு மூடினேன். அணைந்ததா என்று ஒரு நிமிடத்தில் தூக்கிப் பார்த்தேன், மறுபடி குப்பென்று எரிந்தது. திரும்ப மூடி, அப்புறம்தான் அடுப்பை அணைத்தேன்.

கையைக் குழாயில் ஒரு நிமிடம் போலக் காட்டினேன். எரிச்சல் குறைந்ததும் பற்பசை தடவிக்கொண்டு மீதிச் சமையலை முடித்தேன். ராத்திரி விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. சோப்பு போட்டு, அழுதுகொண்டே கழற்றினோம். காலையில் பார்த்தால் மோதிர விரலின் அடியில், முட்டிக்குப் பக்கத்தில், நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். பக்கத்தில் மூன்று சிறிய சிவப்புத் தடங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிடலாமா? தழும்பு நிற்குமா? பற்பசை தடவியது தப்பு என்கிறார் கணவர், தண்ணீர் கொண்டு வந்தது தப்பு என்கிறேன் நான். யார் சொல்வது சரி? மோதிரத்தை எப்போது போட்டுக்கொள்ளலாம்?

– பெயர் வேண்டாம் என்று சொன்ன வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தீக்காயப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சமைக்கப் பழகாமல் சுட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டுதான். ஆனால் "எத்தனை வருஷமாச் சமைக்கிறேன், இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எங்களுக்கு ரொம்பப் பழக்கம். பழகிய கை, பார்க்காமலே வேலை செய்யும். அதுதான் அதன் பலம். எண்ணெய் விஷயத்தில் மட்டும் அது உதவாது.

நீங்கள் எழுதிய கடிதம் என் மேஜைக்கு வந்து, இந்தப் பதில் உங்கள் கண்ணில் படுவதற்குள் நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். அதனால் அன்று இரவு என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பிறகு பேசுவோம். முதலில் கை.

ஊசியைப் பெட்டியில் வையுங்கள். கொப்புளத்துக்குள் இருப்பது சீழ் இல்லை. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, மேல் தோலுக்கும் அடித் தோலுக்கும் நடுவில் தேங்கி நிற்கிற நீர். மேலே உப்பி நிற்கும் அந்த மெல்லிய தோல்தான் இப்போது உங்கள் புண்ணுக்குக் கட்டு. அதைவிட ஒட்டாத, சுத்தமான, அளவாக வெட்டிய கட்டு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. அதைக் குத்தினால் உள்ளே இருக்கும் நரம்பு முனைகள் காற்றில் படும், வலி கூடும், கிருமி நுழைய வழியும் கிடைக்கும். ஒரு நாணயம் அளவுக் கொப்புளத்தை அப்படியே விட்டால், அடியில் புதுத் தோல் வளர வளர நீர் தானாக வற்றி, மேல் தோல் சுருங்கி உதிர்ந்துவிடும். இதைவிடப் பெரிய கொப்புளத்தையும், மடங்குகிற இடத்தில் இறுகி நிற்கிற கொப்புளத்தையும் சில சமயம் நாங்களே திறந்து எடுப்பதுண்டு. ஆனால் அது கிருமி நீக்கிய கருவியோடு, அடியில் இருக்கும் தோலைப் பார்ப்பதற்காகவும் சேர்த்துச் செய்கிற வேலை. சமையலறை மேடையில் செய்கிற வேலை இல்லை.

ஒருவேளை இதற்குள் அது தானே உடைந்திருந்தால் பதற வேண்டாம். சாதாரண சோப்பும் குழாய்த் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, பாரஃபின் காஸ் என்று கேட்டால் மருந்துக் கடையில் தருகிற ஒட்டாத துணியை வைத்து, மேலே லேசாக ஒரு கட்டு. தொங்குகிற தோலைப் பிய்த்து எடுக்காதீர்கள். பஞ்சை நேராகப் புண்மேல் வைக்கவே வேண்டாம். அதன் இழை ஒவ்வொன்றும் புண்ணில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் பிரிக்கும்போது உயிர் போகும்.

இன்னொன்று. வீட்டில் வெள்ளை நிறத்தில் ஒரு தீக்காயக் களிம்பு வைத்திருப்பீர்கள், அதில் வெள்ளி கலந்த சல்ஃபாடயசின் என்று எழுதியிருக்கும். எங்கள் துறையில் ஒரு காலத்தில் எல்லாத் தீக்காயத்துக்கும் அதைத்தான் தடவினோம். இப்போது உங்களுடையது மாதிரிச் சின்னக் காயங்களுக்கு அது எங்கள் முதல் தேர்வு இல்லை. புண் ஆறுவதை அது தாமதப்படுத்தலாம். அதோடு, காயத்தின் மேல் மாவு மாதிரி ஒரு படலம் படிந்துவிடுவதால், மருத்துவரிடம் காட்டும்போது ஆழம் எவ்வளவு என்று அவரால் சரியாகப் பார்க்கவும் முடியாது.

ஆமாம், மருத்துவரிடம் ஒருமுறை காட்டித்தான் ஆக வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே கொப்புளம் தொடையில் வந்திருந்தால் "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருப்பேன். கை, பாதம், முகம், பிறப்புறுப்பு, மூட்டுகள் – இந்த இடங்களில் கொப்புளம் வந்தால் அளவு சின்னதாக இருந்தாலும் ஒருவர் நேரில் பார்ப்பது நல்லது. உங்களுடையது கையில், அதுவும் முட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தோல் இறுகி ஆறினால் விரல் முழுதாக மடங்காமல் போகலாம். சர்க்கரை நோய் இருந்தால் இன்றைக்கே போங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நேரில் பார்க்கிற மருத்துவர் முதலில் கொப்புளத்தைச் சுற்றி அழுத்திப் பார்ப்பார். விரலை எடுத்ததும் வெளுத்த இடம் சட்டென்று சிவந்தால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, காயம் மேலோட்டமானது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, தொட்டால் துள்ளுகிற மாதிரி வலித்தால் அதுவும் நல்ல அடையாளம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வலிக்கிற தீக்காயம் எங்களுக்கு அவ்வளவு கவலை தருவதில்லை. வெளுத்து, தோல் வார் மாதிரித் தடித்து, குத்தினால்கூடத் தெரியாமல் இருக்கிறதே, அதுதான் கவலை. அங்கே நரம்பு முனைகளே எரிந்துபோயிருக்கும். வலிக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டுப் பத்து நாள் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வலித்திருக்கிறது, எரிந்திருக்கிறது, கொப்புளம் எழும்பியிருக்கிறது. கடிதத்தை வைத்துச் சொல்வதென்றால், இது இரண்டு வாரத்துக்குள் ஆறுகிற வகை மாதிரித்தான் தெரிகிறது.

அதுவரை விரல்களைச் சும்மா வைத்திருக்காதீர்கள். வலிக்குமே என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசைக்காமலே இருப்பார்கள், ஒரு வாரத்தில் மூட்டு விறைத்துவிடும். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, மெதுவாக முஷ்டியை மூடி விரித்துப் பழகுங்கள். தூங்கும்போது கையைத் தலையணை மேல் வைத்தால் வீக்கம் சீக்கிரம் வடியும். சுற்றியிருக்கும் சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழோ நாற்றமோ தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினாலோ நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

சரி, இப்போது அந்த இரவுக்கு வருவோம்.

எண்ணெய் தெறித்த பிறகு நீங்கள் செய்ததில் எனக்கு மனம் கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான். பற்பசையைச் சொல்லவில்லை. அந்த "ஒரு நிமிடம் போல" என்பதைத்தான்.

தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1947இல் அளந்து எழுதினார்கள். 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைப் பொசுக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரிக்கு 5 விநாடி போதும். பொரிக்கிற எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். புகையத் தொடங்கிவிட்டால் 200ஐத் தாண்டியிருக்கும். உங்கள் கையில் விழுந்தது அந்த எண்ணெய். அது தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். துடைத்து எடுத்த பிறகும் தோலுக்குள் இறங்கின சூடு உள்ளேயே இருக்கும். மேலே எரிச்சல் அடங்கியிருக்கும், அடியில் வேக்காடு நடந்துகொண்டிருக்கும். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த முட்டையை அந்த வெந்நீரிலேயே விட்டால் மேலும் வேகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருந்த டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் 1953இல் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இருப்பது செத்துப்போன திசு, அதை யாராலும் திருப்ப முடியாது. வெளி வட்டம் சிவந்துதான் இருக்கும், தானே சரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டம் இருக்கிறது. இரத்த ஓட்டம் தேங்கிப்போய், பிழைக்குமா பிழைக்காதா என்று ஊசலாடுகிற திசு. அடுத்த ஒன்றிரண்டு நாளில் அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் காயத்தின் ஆழமும் அகலமும் முடிவாகும். எங்கள் வேலையில் பாதி அந்த நடு வட்டத்துக்காகத்தான். வீட்டில் அதைக் காப்பாற்ற ஒரே ஒரு சாதனம் இருக்கிறது, குழாய்.

குழாய்த் தண்ணீர், மெதுவான ஓட்டத்தில், 20 நிமிடம். உடனே செய்வது நல்லது. உடனே முடியாமல் போனால்கூட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. அதனால் அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால்கூட, திரும்பப் போய் இருபது நிமிடம் நின்றிருக்கலாம். ஐஸ் வேண்டாம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஊசலாடுகிற அந்தத் திசுவுக்கு வருகிற கொஞ்ச இரத்தத்தையும் நிறுத்திவிடும். தண்ணீர் வசதி குறைவான இடத்தில் ஒரு பாத்திரத்தில் கையை முழுக்கி, தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். சின்னக் குழந்தைக்குப் பெரிய அளவில் காயம் பட்டிருந்தால் மட்டும், காயத்தைக் குளிர வைத்துக்கொண்டே மற்ற உடம்பைப் போர்த்தி வைக்க வேண்டும். அவர்களுக்கு உடல் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

இருபது நிமிடம் என்பது சொல்வதற்கு எளிது. நின்று பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று. போன வருடம் ஒரு இரவு, கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை என் பக்கமாகத் திறந்து மணிக்கட்டில் ஆவி அடித்துக்கொண்டேன். நோயாளிகளிடம் தினமும் இருபது நிமிடம், இருபது நிமிடம் என்று ஓதுகிறவள். குழாயைத் திறந்து நின்றேன். எரிச்சல் போய்விட்டது, விரல் மரத்துவிட்டது, அடுப்பில் இருப்பது அடிப்பிடிக்கிற வாசனை வந்துவிட்டது, "போதும், ரொம்ப நேரம் ஆகிவிட்டது" என்று தோன்றிக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம்! திரும்ப நின்றேன். சமையலை வீட்டில் இருந்தவர்கள் முடித்தார்கள், அடிப்பிடித்ததைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். அதனால் உங்கள் ஒரு நிமிடத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது, அடுத்த முறை போனில் அலாரம் வைத்துவிட்டு நில்லுங்கள். எரிச்சல் போனதை வைத்து நிறுத்தாதீர்கள்.

அந்த இருபது நிமிடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுவது. வீக்கம் வர ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும், அதற்குள் அவை லேசாக வந்துவிடும். வீங்கிய பிறகு இறுகிய மோதிரம் விரலுக்குப் போகிற இரத்தத்தையே தடுக்கும். சோப்பு போட்டும் வராமல், நீலம் பாய்ந்த விரலோடு வந்தவர்களுக்கு மோதிரத்தை வெட்டி எடுத்திருக்கிறோம். நீங்கள் அழுதுகொண்டாவது கழற்றிவிட்டீர்கள், அதைச் சும்மா விடாமல் செய்தது நல்ல காரியம்.

பற்பசை விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நான். ஆனால் ஏன் அத்தனை பேர் அதைத் தடவுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதில் இருக்கிற மென்தால், தோலில் குளிர்ச்சியை உணருகிற நரம்பு முனைகளைத் தட்டிவிடும். மூளைக்கு "சில்லென்று இருக்கிறது" என்று செய்தி போகும். தோலின் சூடோ ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது. சூட்டை வெளியே விடாமல் மேலே ஒரு பூச்சாக உட்கார்ந்திருக்கும். வெண்ணெய், மாவு, முட்டை வெள்ளை எல்லாமே இதே கதைதான். காய்ந்து ஒட்டிப்போன பற்பசையை அந்தப் புண்ணிலிருந்து சுரண்டிக் கழுவுகிற நர்ஸுக்கும் கஷ்டம், நோயாளிக்கு அதைவிடக் கஷ்டம். குளிர வைத்த பிறகு ஏதாவது மூடித்தான் ஆக வேண்டும் என்றால், சாப்பாட்டுப் பொருளைச் சுற்றுகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டை எடுத்து, மேலே படுக்க வைத்தாற்போல் வையுங்கள். சுற்றி இறுக்க வேண்டாம், வீக்கத்துக்கு இடம் வேண்டும். காற்றுப் படாது, வலி குறையும், மருத்துவருக்குத் திறக்காமலே காயம் தெரியும்.

இனி வாணலி. இங்கே நான் உங்கள் பக்கம்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. எரிகிற எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய் உட்காரும். அங்கே இருக்கும் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர், 8 லிட்டருக்கு மேல் ஆவியாக மாறும். உங்கள் கணவர் கையில் இருந்தது ஒரு ஜக். அத்தனை ஆவியும் வெளியே வர வழி தேடி, மேலே இருக்கிற எரியும் எண்ணெயைத் துளித்துளியாக்கிக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். துளி சின்னதாக ஆக ஆக நன்றாக எரியும். இதே காரியம்தான், அளவில் சின்னதாக, உங்கள் ஈரக் கிழங்கிலும் நடந்தது. கிழங்கில் ஒட்டியிருந்த தண்ணீர் வெடித்து எண்ணெயைத் தெறிக்க வைத்தது, விளிம்பைத் தாண்டிய துளிகள் அடுப்பு நெருப்பில் பற்றிக்கொண்டன. அவரிடம் கோபப்படாதீர்கள். நெருப்பு என்றால் தண்ணீர் என்றுதான் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்து கை போகும். நீங்கள் கத்தினீர்களே, அது நல்ல கத்தல்.

தட்டைப் போட்டு மூடியதும் சரி. நெருப்புக்குக் காற்று வேண்டும், மூடினால் கிடைக்காது. இரண்டு பிசகு மட்டும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்புறம், ஒரு நிமிடத்தில் திறந்து பார்த்தீர்கள். சமையல் எண்ணெய் 350 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் நெருப்பே காட்ட வேண்டியதில்லை, காற்றுப் பட்டதும் தானே எரியும். மூடி வைத்தால் தீ அணையும், எண்ணெயின் சூடு அப்படியேதான் இருக்கும். தட்டைத் தூக்கினீர்கள், காற்று போயிற்று, குப்பென்றது. அடுப்பை அணைத்து, மூடியதை மூடியபடியே, அரை மணி நேரமாவது, முடிந்தால் முழுக்க ஆறும்வரை, அப்படியே விட்டுவிட வேண்டும். "உள்ளே அணைந்ததா" என்று பார்க்கிற ஆசையை அடக்குவதுதான் இதில் பெரிய வேலை. அடுப்பின் திருகு தீக்குப் பின்னால் இருந்து, கையை நீட்டினால் சுடும் என்றால் முதலில் மூடிவிட்டு அப்புறம் அணைக்கலாம், அதில் தப்பில்லை. மூடும்போது தட்டை ஒரு கேடயம் மாதிரி உங்கள் முகத்துக்கும் தீக்கும் நடுவில் பிடித்து, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கமாகச் சறுக்கி மூடுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கலாம்.

நல்லவேளை, நீங்கள் வாணலியைத் தூக்கவில்லை. எங்கள் பிரிவுக்கு வருகிற சமையலறைக் காயங்களில் மோசமானவை பல, எரிகிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கோ தொட்டிக்கோ ஓடியவர்களுடையவை. நாலு எட்டு வைப்பதற்குள் கைப்பிடி சுடும், காற்றில் தீ முகத்துக்குத் திரும்பும், பாத்திரம் கையிலிருந்து நழுவும், காலிலிருந்து தொடை வரைக்கும் போகும். மாவை அள்ளிப் போடுவதும் வேண்டாம், மாவுத் தூளே பறந்து எரியக்கூடியது. சமையல் சோடா சின்னத் தீக்கு உதவும், ஆனால் ஒரு சிட்டிகை போதாது, டப்பாவோடு கொட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் டப்பாவைத் தேடுவதைவிட மூடி கிடைப்பது சுலபம்.

தீயணைப்பான் வாங்கி வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த் தீக்கென்றே ஒரு வகை உண்டு. ஐரோப்பிய வகைப்பாட்டில் 'எஃப்', அமெரிக்க வகைப்பாட்டில் 'கே' என்று போட்டிருக்கும். அதில் இருக்கிற பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாக மாறி மேலே படிந்துவிடும், எண்ணெயும் ஆறும். தண்ணீர் பீய்ச்சுகிற வகையை வாணலியை நோக்கித் திருப்பினால், உங்கள் கணவரின் ஜக் செய்திருக்கக்கூடிய அதே வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்யும். தீ பாத்திரத்தைத் தாண்டி அலமாரிக்கோ திரைச்சீலைக்கோ போய்விட்டால் எந்த வீரமும் வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

இருபது வருடமாகச் சமைக்கிறேன், கவனம் போய்விட்டதே என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் கவனமாக இருங்கள் என்று நான் எழுதினால் அதில் பிரயோசனம் இல்லை. போன் திரும்பவும் அடிக்கும், நீங்களும் திரும்பவும் போவீர்கள். அதனால் கவனத்தை நம்பாத இரண்டு பழக்கங்கள். எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது சமையலறையை விட்டுக் காலை எடுத்து வைத்தால், ஒரு நிமிடத்துக்கென்றாலும், அடுப்பை அணைத்துவிட்டுப் போவது. சிம்மில் வைப்பது கணக்கில் வராது. சின்ன நெருப்பிலும் எண்ணெய் சூடேறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது, வாணலியை எடுக்கும்போதே அதற்குப் பொருந்துகிற மூடியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவது. தேவைப்படாத நாளில் அது தெறிக்கிற எண்ணெய்க்கு மறைப்பாக உதவும். கிழங்கைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு, எதிர்ப் பக்கத்து விளிம்பை ஒட்டி, வழுக்கிவிடுகிற மாதிரி மெதுவாக இறக்குங்கள். எண்ணெய் புகைந்துவிட்டால் எதையும் போடாதீர்கள், அணைத்து ஆற விடுங்கள். பசி கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

தழும்பைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வாரத்துக்குள் ஆறினால் தடித்த தழும்பு வருவது அபூர்வம், நிறம் மட்டும் சில மாதத்துக்குக் கருத்தோ வெளுத்தோ தெரியும். மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால்தான் தழும்பு தடிக்க வாய்ப்பு அதிகம், அப்போது மருத்துவரே அதற்கான வழியைச் சொல்வார். தோல் மூடிய பிறகு வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தடவி லேசாக நீவுங்கள். ஒரு வருடத்துக்கு அந்த இடத்தில் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே போனால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். பக்கத்தில் இருக்கிற அந்த மூன்று சிவப்புத் தடங்களும் கொப்புளம் இல்லாமல் வெறும் சிவப்பாகவே இருந்திருந்தால், இதைப் படிக்கும்போதே மறையத் தொடங்கியிருக்கும்.

கடைசியாக மோதிரம். வீக்கம் வடிந்ததும் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும், பொறுங்கள். புதுத் தோல் மூடிய பிறகும் சில வாரத்துக்கு அது மெல்லியதாக, சுலபமாக உரிந்துவிடுகிற மாதிரித்தான் இருக்கும், மோதிரத்தின் விளிம்பு அங்கேதான் போய் உரசும். முஷ்டியை இறுக்கி மூடினால் வலிக்காமல், விரல் அடியில் கிள்ளினால் மற்ற விரல்களைப் போலவே தோல் எழும்பி வருகிற நாளில், காலையில் வேண்டாம், மாலையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க வேலை செய்த கையில் சோப்பு இல்லாமல் ஏறி, சோப்பு இல்லாமல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.